கோவேறு கழுதைகள் விவாதம்

இமையம் எழுதிய 'கோவேறு கழுதைகள்' நாவலை க்ரியா பதிப்பகம் 1994-இல் வெளியிட்டது. அதைச் சுற்றித் தமிழ் இலக்கிய உலகில் எழுந்த கருத்து மோதலே இப்பெயரால் குறிக்கப்படுகிறது. ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த எழுத்தாளர், அச்சமூகத்துக்குள்ளேயே நடக்கும் கொடுமையை ஊரறிய எழுதலாமா? எழுதினால் அது யார் கைக்கு ஆயுதமாகும்? இவ்விரண்டு கேள்விகளும் அப்போது எழுந்தவை. இன்றும் ஓயவில்லை.

நிலமும் வழக்கமும்

நாவலின் மொழி நடுநாட்டு மொழி. திருக்கோவலூர், கண்டாச்சிபுரம், விழுப்புரம் தொடங்கி விருத்தாசலம், திட்டக்குடி வரை பரந்து கிடக்கும் பழைய தென்னார்க்காட்டின் பேச்சு அது. நிலக்கடலையை மல்லாட்டை என்று சொல்லும் வட்டாரம். 1993-இல் தென்னார்க்காடு கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தபோதும் பேச்சு பிரியவில்லை. ஊர் என்றும், தலித்துகள் வாழும் காலனி என்றும் குடியிருப்பு இரண்டாகக் கிடப்பதும் மாறவில்லை. விழுப்புரத்திலிருந்து காணை, கண்டாச்சிபுரம், வேட்டவலம் வழியாகத் திருவண்ணாமலைக்குப் பேருந்தில் போகிறவர் இதைச் சன்னலோரத்திலிருந்தே பார்க்கலாம்.

இந்தப் பிரிவு காலனியோடு முடிவதில்லை. ஊர்த்தெரு வண்ணார் காலனித் துணியைத் தொட மாட்டார். காலனித் துணியை வெளுப்பதற்கென்று தனியாக ஒரு குடும்பம் இருந்தது. அவர்களே புதிரை வண்ணார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு ஊழியம் செய்து, அவர்களாலும் ஒதுக்கப்பட்டவர்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் இவர்களைக் கண்ணால் பார்ப்பதே தீட்டு என்று கருதி, பகலில் வெளியே வரவிடாமல் வைத்திருந்ததை 1932-இல் 'இந்து' நாளிதழ் செய்தியாக்கியது.

துணி வெளுப்பது அவர்களுடைய வேலையில் ஒரு பகுதியாகத்தான் இருந்தது. பிள்ளைப்பேறு பார்ப்பது, தீட்டுத்துணி அலசுவது, பிணத்துக்கான சடங்குகளைச் செய்வது, அறுப்புக் காலத்தில் களத்தில் தூற்றிக் கொடுப்பது எல்லாமே அவர்கள் தலையில் விழுந்தன. இதற்கெல்லாம் கூலி என்று காசு கிடைத்ததில்லை. இருட்டியபின் வீடு வீடாகப் போய் வாங்கும் ராச்சோறும், களத்தில் மனம்போனபடி அள்ளிப் போடும் தானியமும்தான் வரும்படியாக இருந்தன.

நாவல்

கதை ஆரோக்கியம் என்னும் வண்ணாத்தியைச் சுற்றி நடக்கிறது. கணவர் சவுரி, பிள்ளைகள் ஜோசப், மேரி, பீட்டர். கிறித்தவக் குடும்பம். மகன் ஒருவனைச் சாமியார் படிப்புக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது அவளுடைய பேராசை. பேராசை என்ற சொல்லை அவளுடைய நிலையிலிருந்து பார்த்துத்தான் சொல்கிறேன். வேறொரு வீட்டில் அது சாதாரண விருப்பம். அவள் நம்பும் உலகமோ கண்முன்னே கரைகிறது. துணி போடுகிறவர்கள் குறைகிறார்கள், பெரிய மகன் பெண்டாட்டியோடு பிழைப்புத் தேடிப் போய்விடுகிறான், களத்தில் விழும் தானியம் ஆண்டுக்காண்டு சுருங்குகிறது. மகள் மேரியைக் காலனிக்காரன் ஒருவன் கெடுத்துவிடுகிறான். அதை வாய்விட்டுச் சொல்லக்கூட அந்த வீட்டுக்கு வழியில்லை. யாரிடம் முறையிடுவது? முறையிட வேண்டியவர்களிடம்தான் இரவில் சோற்றுக்குச் சட்டியேந்தி நிற்க வேண்டும்.

களத்துக் காட்சி ஒன்று போதும் நாவலின் வலிமைக்கு. நாளெல்லாம் தூசியில் நின்று தூற்றி முடித்தவள் தன் பங்குக்காகக் காத்திருக்கிறாள். அளந்து போடுகிறவர் கை தயங்குகிறது. சண்டை இல்லை. அவள் கெஞ்சுகிறாள், வாழ்த்துகிறாள், பழைய உறவைச் சொல்லி அழுகிறாள். கொடுக்கிறவரும் அன்றாடங்காய்ச்சிதான். அவரும் வேறொரு களத்தில் இதே மாதிரி கையேந்தி நின்றவர்தான். அதனால்தான் அக்காட்சியைப் படித்துவிட்டு ஒருவரை மட்டும் குற்றவாளியாக்கிப் புத்தகத்தை மூடிவைக்க முடிவதில்லை.

எதிர்ப்பும் அதன் நியாயமும்

நாவல் வந்த காலம் முக்கியமானது. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி, 1990-களின் தொடக்கத்தில் தமிழில் தலித் இலக்கியம் ஒரு இயக்கமாகத் திரண்டுகொண்டிருந்தது. ரவிக்குமார், அ. மார்க்ஸ், பொ. வேல்சாமி ஆகியோரின் 'நிறப்பிரிகை' போன்ற சிற்றிதழ்கள் அதற்குக் களம் அமைத்தன. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்திருந்தது. தலித்துகள் சேர்ந்து நின்றால்தான் உயிர் தப்பலாம் என்ற நினைப்பு வெறும் கோட்பாட்டிலிருந்து வந்ததல்ல. 1978 ஜூலையில் விழுப்புரம் பெரிய காலனியைச் சேர்ந்த 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அந்த நினைவு ஆறாத மண்ணில், "இவர்களும் கொடுமை செய்கிறவர்கள்தான்" என்று படிக்கத்தக்க ஒரு நாவல் வந்தால் நெஞ்சு பதறத்தானே செய்யும்?

தலித் விமர்சகர்கள் சிலர் இமையத்தைக் கடுமையாகச் சாடினார்கள். சாதியமைப்பின் மேல்தட்டை விட்டுவிட்டு அடித்தட்டின் பிளவை மட்டும் காட்டுகிறது என்றார்கள். தலித் அல்லாத எழுத்தாளரான சுந்தர ராமசாமி நாவலை மிக உயர்வாகப் பாராட்டியதும் ஐயத்தைக் கூட்டியது. தலித்துகளின் குறையைக் காட்டுவதால்தான் மற்றவர்களுக்கு இது இனிக்கிறதோ என்ற கேள்வி எழுந்தது. கேள்வியில் நியாயம் உண்டு. தங்கள் வீட்டுச் சாதியைப் பற்றி ஒரு வரி எழுதாதவர்கள் இந்த நாவலை மேற்கோள் காட்டி, "பார்த்தீர்களா, அவர்களுக்குள்ளும் இருக்கிறது" என்று கைகழுவிக்கொள்வது இன்றும் நடக்கிறது.

ஆனால் அந்தக் கைகழுவலுக்கு விடை ஆரோக்கியத்தின் வாயைப் பொத்துவதாக இருக்க முடியாது. அப்படிப் பொத்தினால், காலனிக்கு ஊர் சொன்ன அதே பேச்சைக் காலனி தன் கடைசி வீட்டுக்குச் சொன்னதாகிவிடும். இமையம் தன்னைத் தலித் எழுத்தாளர் என்று வகைப்படுத்துவதையே ஏற்கவில்லை. எழுத்தாளன் என்று மட்டும் சொன்னால் போதும் என்பது அவர் நிலை. தலித் என்ற பெயரை வாங்கக் குருதி சிந்தியவர்களுக்கு அம்மறுப்பு வலித்திருக்கும். எனினும் எழுதுகிறவர் தன் பெயரைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையை விட்டுக்கொடுத்தால் பிறகு எந்த உரிமை மிஞ்சும்?

இவ்வகை விசாரணை இமையத்தோடு தொடங்கியதும் அல்ல. பெரம்பலூர்ப் பகுதியில் பிறந்த சிவகாமி 1989-இல் 'பழையன கழிதலும்' நாவலில் தலித் தலைவர் ஒருவரின் ஆணாதிக்கத்தைத் தோலுரித்தார். பின்னர் 'ஆசிரியர் குறிப்பு' என்ற நூலில், அப்படி எழுதிய தன்னையே கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டார். 'கருக்கு' வந்தபின் பாமா சில மாதங்கள் சொந்த ஊருக்குள் போக முடியாமல் இருந்தார். அமெரிக்காவில் ஆலிஸ் வாக்கர் 1982-இல் 'தி கலர் பர்ப்பிள்' எழுதியபோது, கறுப்பின ஆண்களின் வன்முறையை வெள்ளையர் முன் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று அவருடைய மக்களே வருந்தினார்கள்.

பிற சர்ச்சைகளிலிருந்து வேறுபாடு

இவ்விவாதத்தைப் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் விவகாரத்தோடு ஒன்றாகப் பேசுவது தவறு. 2015 ஜனவரியில், நாவலை எதிர்த்து நடந்த கடையடைப்பை அடுத்து, அவர் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் மன்னிப்பு எழுதித்தர நேர்ந்தது; எழுத்தையே விட்டுவிட்டதாக அறிவித்தார்; 2016 ஜூலை 5-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இமையத்தை எதிர்த்தவர்களிடம் கடையடைப்பும் இல்லை, அதிகாரமும் இல்லை. கட்டுரைக்குக் கட்டுரையால் பதில் சொன்னார்கள்.

நடுநாட்டிலேயே 2021-இல் இன்னொன்று நடந்தது. 'ஜெய் பீம்' படத்தில் ஒரு காட்சியின் பின்னணியில் தங்கள் சமூகச் சின்னத்தோடு தெரிந்த நாட்காட்டிக்காக வன்னியர் சங்கம் 5 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியது, காட்சி மாற்றப்பட்டது, இயக்குநர் த.செ. ஞானவேல் வருத்தம் தெரிவித்தார். படத்துக்கு வட்டார வழக்கு திருத்திக் கொடுத்த கண்மணி குணசேகரன், 'நடுநாட்டுச் சொல்லகராதி' தொகுத்தவர், தனக்குத் தந்த 50,000 ரூபாயைத் திருப்பி அனுப்பினார். எண்ணிக்கையும் கட்சியும் உள்ள சமூகத்தின் மனவருத்தத்துக்கு இருபது நாளில் பதில் கிடைத்தது. படம் யாரைப் பற்றியதோ அந்த இருளர்களின் சாதிச் சான்றுக்கும் வீட்டுமனைக்கும் திண்டிவனம் பேராசிரியர் பிரபா கல்விமணி போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்துகொண்டிருக்கிறார்கள்.

பிந்தைய நிலை

நாவலை லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் பெயர்த்தார். இமையம் 2006-இல் 'செடல்' நாவலை எழுதினார். 'செல்லாத பணம்' நாவலுக்கு 2020-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது பெற்றார். தமிழக அரசு 2009-இல் புதிரை வண்ணார் நல வாரியம் அமைத்தது. இதை நாவலின் விளைவு என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பெயரைப் பொதுவாசகர் நாவில் வைத்தது இந்த நூல்.

வாரியம் வந்தும் புதிரை வண்ணாரின் சாதிச் சான்றிதழ்ச் சிக்கல் தீரவில்லை. அரசின் சாதிப் பட்டியலில் 'புதிரை வண்ணான்' பட்டியல் சாதி. 'புதிரை' விடுபட்டு வெறும் 'வண்ணான்' என்று எழுதினால், குமரி மாவட்டமும் செங்கோட்டையும் தவிர மற்ற இடங்களில் அது மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவு. பிள்ளைக்குச் சான்று கேட்டு வருகிறவரிடம் தாலுகா அலுவலகத்தில் தகப்பனுடைய சான்றைக் கேட்கிறார்கள். வாழ்நாள் முழுக்க ராச்சோறு வாங்கித் தின்ற தகப்பனுக்கு அப்படி ஒரு தாளை யாரும் எழுதிக் கொடுத்ததில்லை.