திறந்த கதவும் தெருவின் தொலைவும்

பொதுச்சொத்து என்று ஏட்டில் எழுதப்பட்டவை ஒடுக்கப்பட்டோர் கைக்கு வந்து சேர எத்தனை காலம் பிடித்தது என்பதே நம் மக்களின் வரலாறு. 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசனார் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, பொதுச்சாலைகளும் கிணறுகளும் குளங்களும் அனைவர்க்கும் உரியன என அரசாணை பிறந்தது. ஆணை வந்த பின்னரும் பல ஊர்களில் கிணற்றடி நமக்குத் தொலைவாகவே இருந்தது. விராலிமலையோ அந்நாளில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்து ஊர். சென்னை அரசின் ஆணை அதனைக் கட்டுப்படுத்தவே இல்லை.

நீருக்கு நேர்ந்தது நம் காலத்தில் கணினிக்கும் நேர்ந்தது. நம்மூரிலிருந்து மதுரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி ஆகியவற்றைக் கடந்தால் மேலூர். 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட 6 பேர் கொல்லப்பட்ட மேலவளவு அவ்வட்டாரத்தைச் சேர்ந்ததே. அவ்வட்டாரச் சிற்றூர்களில் 2001 முதல், சென்னை ஐ.ஐ.டி.யும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் இணைந்து இணைய நிலையங்களை ஏற்படுத்தின. ஐ.ஐ.டி. உருவாக்கிய கம்பியில்லாத் தொலைத்தொடர்பு முறையே அவற்றை இணைத்தது. சான்றிதழ் விண்ணப்பம், கணினிப் பயிற்சி, கண் மருத்துவ ஆலோசனை ஆகியவை அங்குக் கிடைத்தன. கதவு எல்லார்க்கும் திறந்திருந்தது. உள்ளே சென்றவர் யார்?

ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் ஆகிய ஆய்வாளர் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை கூறிற்று. சென்றவர்களிற் பெரும்பாலோர் படித்த, வசதியுள்ள, முன்னேறிய சமூகத்து இளைஞர்கள். அவர்களிலும் ஆண்களே மிகுதி. இந்நிலையங்கள் உள்ள ஏற்றத்தாழ்வை நிலைநிறுத்தவும் கூடும் என அவர்கள் எச்சரித்தனர். ஆயினும் விதிவிலக்குகளும் இருந்தன. நிலையம் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பை அடுத்து அமைந்த இடங்களிலும், அம்மக்களுள் ஒருவரே முன்னின்று ஊக்குவித்த இடங்களிலும், நம்மவர் கூடுதலாக வந்தனர். பின்னர் அந்நிலையங்களுட் பல மூடப்பட்டன. அவை கற்பித்த பாடம் மட்டும் மூடப்படவில்லை.

அப்பாடம் நம் மாவட்டத்திற்குப் புதிதன்று. 1991இல் இங்குத் தொடங்கிய அறிவொளி இயக்கம், மக்கள் வகுப்பைத் தேடி வரட்டும் எனக் காத்திராமல், வகுப்பைத் தெருவுக்கே கொண்டு சென்றது. அவ்வூரார் சிலரே தொண்டர்களாக நின்று கற்பித்தனர். எழுத்தோடு மிதிவண்டியும் பயின்ற பெண்கள் ஆயிரமாயிரவர்.

இன்று சாதிச் சான்றிதழும் கல்வி உதவித்தொகையும் அரசுப்பணித் தேர்வு விண்ணப்பமும் இணையவழிக்கு வந்துவிட்டன. 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, செல்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பாடமே எட்டவில்லை. விண்ணப்பிக்கும் நாள் தவறினால் ஒரு மாணவியின் ஓராண்டுப் படிப்பே தவறுகிறது. எனவே நாம் கேட்க வேண்டியது கணினி மட்டுமன்று. அது எத்தெருவில் வைக்கப்படுகிறது, அதன்முன் அமர்ந்து வழிகாட்டுபவர் யார் என்பதையும் கேட்டாக வேண்டும். கால் நூற்றாண்டாகப் பள்ளிப்படியில் நம் பிள்ளைகளை ஏற்றிவிட்ட சங்கம், இனி நம் தெருவிலேயே ஒரு கணினிக்கூடம் அமைத்து, நம் பட்டதாரிப் பெண்களையும் ஆண்களையும் அங்கு வழிகாட்டிகளாக அமர்த்துதல் வேண்டும்.