பெட்டிக்கு ஒரு சின்னம்: 1952-ல் செங்கல்பட்டும் தேசமும்

இன்று சிறுசேரி என்றவுடன் கண்ணாடிக் கட்டடங்களும் கம்பெனி பஸ்களும்தான் நினைவுக்கு வரும். பழைய மகாபலிபுரம் சாலையில் இதெல்லாம் முளைப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பு, இந்தப் பகுதி அன்றைய பெரிய செங்கல்பட்டு மாவட்டத்தில் விவசாயமும் மீன்பிடிப்புமாக இருந்தது. பக்கிங்ஹாம் கால்வாயில் படகு ஓடிய காலம். அப்போதுதான் இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் வந்தது.

1951 அக்டோபர் 25-ல் ஆரம்பித்து 1952 பிப்ரவரி வரை வாக்குப்பதிவு நடந்தது. முதல் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். வாக்காளர்கள் சுமார் 17 கோடியே 30 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "கைநாட்டுக்கு எதற்கு ஓட்டு?" என்று கேட்ட மேதாவிகள் இருக்கத்தான் செய்தார்கள். தென் அமெரிக்காவைப் பாருங்கள். பல கட்சிகள் போட்டியிட்டுப் பார்லிமெண்டுத் தேர்தல் நடத்திய சிலி நாடு, எழுத்தறிவில்லாதவர்களுக்கு 1970-ல்தான் வாக்குரிமை தந்தது. பெரு 1979-ல், பிரேசில் 1985-ல். நம் நாட்டில் கழனிக்குப் போகிற ஆயாவுக்கும் 1952-லேயே கிடைத்துவிட்டது.

எப்படிச் சமாளித்தார்கள்? இங்கேதான் என் போன்ற இன்ஜினியர்களுக்கு ருசி. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி இரும்புப் பெட்டி. அதன் மேல் அவர் சின்னம். காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, சோஷலிஸ்டுக்கு ஆலமரம், கம்யூனிஸ்டுக்குக் கதிர் அரிவாள். சீட்டில் முத்திரை குத்த வேண்டியதில்லை. மறைவுக்குள் போய், பிடித்த பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் சரி. ஐந்து பேர் நின்றால் ஒரு சாவடிக்கு ஐந்து பெட்டி, நாடு முழுக்க இருபது லட்சம் பெட்டி! பம்பாய் விக்ரோலியில் கோத்ரெஜ் மட்டும் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் செய்து கொடுத்தது. வெளிப்பூட்டு வைத்தால் செலவு தாங்காது என்று பூட்டைப் பெட்டிக்குள்ளேயே அமைத்தார்கள். சிக்கன வடிவமைப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஓட்டையும் இருந்தது. சீட்டைப் பெட்டியில் போடாமல் மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்து விற்றுவிடலாம். வாங்கியவரின் ஆள் ஒருத்தர் உள்ளே போய் மொத்தமாகப் போட்டால் யாருக்குத் தெரியும்? அதனால்தான் பின்னர் சீட்டிலேயே எல்லாச் சின்னமும் அச்சிட்டு முத்திரை குத்தும் முறை வந்தது.

இன்னொரு குறை மனத்தை உறுத்துகிறது. "இன்னார் மனைவி", "இன்னார் மகள்" என்று மட்டும் சொல்லி, சொந்தப் பெயர் சொல்ல மறுத்ததால் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பெரும்பாலும் வட மாநிலங்களில்தான்.

நம் பக்கத்துக்கு வருவோம். செங்கல்பட்டு மக்களவைத் தொகுதியில் ஜெயித்தவர் காங்கிரசின் ஓ.வி. அளகேசன். பக்கத்துக் காஞ்சிபுரத்தில் காமன்வீல் கட்சியின் ஏ. கிருஷ்ணசாமி. மாணிக்கவேலு நாயக்கர் நடத்திய அந்தக் கட்சியும், ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சியும் வடதமிழகத்தில் காங்கிரசுக்கு நல்ல அடி கொடுத்தன. தி.மு.க. அந்தத் தேர்தலில் நிற்கவில்லை. இவர்களுக்கு ஆதரவு தந்தது.

டெல்லியில் 489-க்கு 364 இடம் பிடித்த காங்கிரசுக்கு, சென்னைச் சட்டசபையில் 375-க்கு 152 தான்! முதல் மந்திரி குமாரசாமி ராஜாவே தோற்றார். நம் மாவட்டத்துக்காரரான பக்தவத்சலமும் தோற்றார். பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் 166 பேரைச் சேர்த்துக்கொண்டு ஆட்சி கோரின. கவர்னர் ஸ்ரீபிரகாசா, தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து ஏப்ரல் 10-ல் பதவியேற்க வைத்தார். ஜூலையில் நம்பிக்கை வாக்கு 200-க்கு 151. எதிர்த்து ஓட்டு வாங்கிய மாணிக்கவேலு நாயக்கர் அதே மந்திரிசபையில் உட்கார்ந்திருந்தார். ஓட்டுப் போட்ட ஜனங்கள் என்ன நினைத்திருப்பார்கள்? கட்சி தாவல் புதுசு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. 1957-ல் செங்கல்பட்டில் அதே கிருஷ்ணசாமி சுயேச்சையாக ஜெயித்தார். 1962-ல் மறுபடி அளகேசன். 1967-ல் தி.மு.க.வின் சிட்டிபாபு, 1971-லும் அவரே. எமர்ஜென்சியில் மிசா கைதியாகச் சென்னைச் சிறையில் அடிபட்ட சிட்டிபாபு, 1977 ஜனவரியில் இறந்தார். இரண்டே மாதத்தில், மார்ச்சில், ஜனங்கள் மறுபடி சாவடிக்குப் போனார்கள்; டெல்லியில் 1952-லிருந்து அசையாமலிருந்த காங்கிரஸ் ஆட்சி முதன்முறையாக இறங்கியது.