பிளசர்னு ஒரு வண்டி

எங்க கோபி பக்கத்துல எழுபது வயசு தாண்டினவங்க காரைக் கார்னு சொல்றது குறைவு. பிளசர்னுதான் சொல்வாங்க. "பிளசர் வந்துருச்சுங்களா?", "பொண்ணைப் பிளசர்ல கூட்டிட்டு வந்தாங்க" இப்படி. நகரத்துல இருந்து படிக்கிற நீங்களும் உங்க அப்பத்தா, அமுச்சி வாயில இந்தச் சொல்லைக் கேட்டிருப்பீங்க. ஏதோ கம்பெனிப் பேர் மாதிரி தோணும். இல்லைங்க.

மோட்டார் வண்டி வந்த புதுசுல வெள்ளைக்காரங்க வண்டிகளை ரெண்டாப் பிரிச்சாங்க. லாரி, பஸ் மாதிரி தொழிலுக்கு ஓடுறது ஒரு வகை. சொந்த சவாரிக்கு, உல்லாசமா ஒரு சுத்து சுத்திட்டு வர வச்சிருக்கிறது இன்னொரு வகை. அந்த ரெண்டாவதுக்குப் பேர்தான் 'பிளஷர் கார்'. நாளடைவுல அவங்க 'பிளஷரை' விட்டுட்டுக் 'காரை' மட்டும் வச்சுக்கிட்டாங்க. நம்ம ஆளுங்க காரை விட்டுட்டுப் பிளசரைப் பிடிச்சுக்கிட்டாங்க.

இன்பச் சவாரிக்குன்னு வச்ச பேர், எங்க ஊர்ல என்ன வேலையெல்லாம் பார்த்துச்சுன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

சுதந்திரத்துக்குப் பிறகு ரொம்ப காலம் நம்ம நாட்டுல பார்க்க முடிஞ்சது முக்கியமா மூணு கார்தான். முதலாவது அம்பாசிடர். இங்கிலாந்துல மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூணாவது வரிசைன்னு 1956-ல வந்த காரை, இந்துஸ்தான் மோட்டார்ஸ் உரிமம் வாங்கி, வங்காளத்துல உத்தர்பாராங்கிற ஊர்ல 1950-களோட கடைசியில செய்ய ஆரம்பிச்சாங்க. பிறந்த நாட்டுல 1959-லயே அந்த மாடலை நிறுத்திட்டாங்க. இங்க 2014 மே மாசம் வரைக்கும் ஓட்டிட்டோம். ரெண்டாவது பியட். பம்பாய்ல பிரீமியர் கம்பெனி செஞ்சது. அதுக்குத்தான் 1974-ல பத்மினின்னு பேர் வச்சாங்க. மூணாவது நம்ம தமிழ்நாட்டு வண்டி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னைக்குத் தெக்க வண்டலூர்ப் பக்கம் இருந்த தொழிற்சாலையில 1961-ல இருந்து வந்தது. முன்பக்க மூடியைத் தூக்கினா மட்கார்டும் சேர்ந்து மொத்தமா எந்திரிக்கும். முதலை வாயைத் திறந்த மாதிரி இருக்கும். அந்தக் கம்பெனியை 1980-களோட கடைசியில மூடிட்டாங்க.

எத்தனை கார் செய்யலாம்னு அரசாங்கம் அளவு வச்சிருந்த காலம் அது. பணம் இருந்தாலும் பதிவு பண்ணிட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும். அதனால கிராமத்துக்குப் புது வண்டி வர்றது அபூர்வம். மில்லுக்காரங்க, டாக்டருங்க ஓட்டிட்டுக் கழிச்சதுதான் வரும். எங்க பெரியப்பா மஞ்சள் வித்த காசுல 1978-ல வாங்கின அம்பாசிடரும் அப்படி கோயமுத்தூர்ல இருந்து வந்ததுதான். 1972-ல செஞ்ச மார்க் 2. முகப்புல சின்னச் சின்னக் கட்டம் போட்ட கிரில். வந்த அன்னைக்கு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கினதும், எனக்கு எட்டு வயசுல அந்த ரெக்சின் சீட்டு வாசமும் இன்னும் ஞாபகம் இருக்குது.

வண்டி பெரியப்பா பேர்ல இருந்தாலும் ஊருக்கே பொது. கல்யாணம்னா பெட்ரோல் போட்டு எடுத்துக்கலாம். முன் சீட்டு ஒரே நீள பெஞ்சு. கியர் கம்பி ஸ்டீயரிங் பக்கத்துலயே இருக்கறதால முன்னால டிரைவரோட சேர்ந்து நாலு பேர். பின்னால அஞ்சு பெரியவங்க, மடியில குழந்தைங்க, டிக்கியில சீர் வரிசைத் தட்டு. பெரியவங்க ஜன்னல் ஓரம், மருமகளுங்க நடுவுல. யார் எங்க உட்காரணும்கிறதுலயே அரை மணி நேரம் போயிரும்.

ஆஸ்பத்திரின்னா பெட்ரோல் காசு கூடக் கிடையாது. தமிழ்நாட்டுக்கு 108 ஆம்புலன்ஸ் வந்ததே 2008-லதான். அதுக்கு முன்னால முப்பது வருஷம் எங்க ஊருக்கு 108 இந்தப் பிளசர்தான். பிரசவ வலி எடுத்தவங்க, பாம்பு கடிச்சவங்க, பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் குடிச்சவங்க, எல்லாரையும் ராத்திரியில தூக்கிப் போட்டுட்டு ஓடியிருக்குது. போனவங்க எல்லாரும் திரும்பி வரலை. ஆனா இந்தப் பின் சீட்டுலயே ரெண்டு குழந்தை பிறந்திருக்குது. அதுல ஒரு பொண்ணோட பையன் இப்ப இன்ஜினியரிங் படிக்கிறான்.

பெரியப்பா காலத்துக்குப் பிறகு வண்டி அண்ணன் கைக்கு வந்தது. அவருக்கு முழங்கால் வலி, கிளட்ச் மிதிக்க முடியலை. ஆறேழு வருஷமா நான்தான் ஓட்டறேன். இதை ஓட்டறதுல என்ன சுகம்னு பசங்க கேக்கறாங்க. ஏசி இல்லை, பவர் ஸ்டீயரிங் இல்லை. நியாயமான கேள்விதான்.

காலையில சோக்கை இழுத்து, ரெண்டு தடவை உறுமவிட்டு, மெதுவா சோக்கை உள்ள தள்ளணும். அவசரப்பட்டா அணைஞ்சுரும். முதல் கியருக்கு சின்க்ரோ கிடையாது. வண்டி நிக்காம போட்டா பல்லைக் கடிக்கிற மாதிரி சத்தம் வரும். நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். அதனால முன்னால போற டிராக்டரை நூறடிக்கு முன்னாலயே பார்த்து வேகத்தைக் குறைச்சுக்கணும். சித்திரை வெயில்ல பெட்ரோல் ஆவியாகி எஞ்சின் நின்னுரும். பெட்ரோல் பம்ப் மேல ஈரத் துணியைச் சுத்தி, புளியமர நிழல்ல பத்து நிமிஷம் நிறுத்தினா மறுபடி எந்திரிச்சுக்கும். மாடு வச்சு உழுதவனுக்கு இது புதுசு இல்லைங்க. மாட்டோட மூச்சைக் கேட்டு ஓட்டற மாதிரி எஞ்சினைக் கேட்டு ஓட்டணும்.

கோபியில இருந்து சத்தியமங்கலம் வழியா பண்ணாரிக்குப் போறது எனக்குப் பிடிச்ச ரோடு. கொடிவேரி அணையில பிரியற தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாயற நெல்லு வயல், அப்புறம் வாழை, கரும்பு. நாப்பத்தஞ்சு, அம்பதுக்கு மேல போக மாட்டேன். கதவோரம் இருக்கிற முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வச்சா வாய்க்கால் காத்து நேரா மூஞ்சில அடிக்கும். அந்த வேகத்துல யார் வயல்ல நடவு முடிஞ்சிருக்கு, யார் கரும்பு சாஞ்சு கிடக்குன்னு தெரியும். எதிர்ல வர்றவங்க கையைத் தூக்குவாங்க. முன் சீட்டுல மூணு பேர் தோள் உரச உட்கார்ந்து பேசிட்டே போறதுல ஒரு சுகம் இருக்குது. திம்பம் மலையில இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. அங்க ஏத்தி வண்டியை நான் வதைக்கறதில்லை. பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுட்டுத் திரும்பிருவோம்.

இப்ப இதுக்கு ரெண்டு சோதனை வந்திருக்குது.

ஒண்ணு பெட்ரோல். பங்க்குல இப்ப வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்த எத்தனால்ல ஒரு பங்கு கரும்புல இருந்து வர்றது. கரும்பு போடற எனக்கு அது நல்லதுதான். ஆனா எத்தனால் பழைய ரப்பர் குழாயையும் கார்புரேட்டர் வாஷரையும் ஊற வச்சு வெடிக்க விட்டுரும். என் வயல்ல விளைஞ்சது என் வண்டியவே திங்குதேன்னு சிரிச்சுக்கிட்டு குழாயெல்லாம் மாத்தினேன்.

இன்னொண்ணு பதிவு. 2021 ஜூலையில மத்திய அரசு விண்டேஜ் வண்டிக்குன்னு தனி விதி கொண்டு வந்தாங்க. அம்பது வருஷத்துக்கு மேல ஆகி, அசல் உருவம் மாறாம இருந்தா 20,000 ரூபாய் கட்டி பத்து வருஷத்துக்குப் பதியலாம். நம்பருக்கு நடுவுல 'விஏ'ன்னு எழுத்து வரும். பழசைக் காப்பாத்தற நல்ல எண்ணம்தான். ஆனா அப்படிப் பதிஞ்சா தினசரி உபயோகத்துக்கும் வாடகைக்கும் ரோட்டுல ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இதுக்கெல்லாம் எடுக்கலாம்.

அண்ணன் வண்டிக்குப் பதிவுக் காலம் முடியற நேரத்துல நகரத்துல இருந்து ஒரு புரோக்கர் வந்தார். "இதை விஏ நம்பர் பண்ணி ஷெட்டுல நிறுத்துனா நல்ல விலை போகுமுங்க, நாங்களே எடுத்துக்கறோம்"னார். சொன்ன விலை எனக்கு ரெண்டு வருஷ வெள்ளாமைக் காசு. அண்ணன் மகன் குடுத்துரலாம்னான். அண்ணன் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "ஏனுங்க, அப்படிப் பண்ணிட்டா எங்க சின்னம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு இதுல கூட்டிட்டுப் போகலாமுங்களா?"ன்னு கேட்டார். அதெல்லாம் முடியாதுங்கன்னார் புரோக்கர். "அப்ப வேண்டாமுங்க"ன்னுட்டார் அண்ணன்.

சாதாரணப் பதிவையே அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சோம். 2022 ஏப்ரல்ல இதுக்கான கட்டணத்தை 600 ரூபாயில இருந்து 5,000 ஆக்கினாங்க. தகுதிச் சான்றுக்காகப் பிரேக்கு, ஹெட்லைட்டு, ஹேண்ட் பிரேக்கு எல்லாம் சரி பண்ணினதுல இன்னும் செலவு. அண்ணன் மகனுக்குக் கோபம் இன்னும் தீரலை. அவன் பக்கமும் நியாயம் இல்லாம இல்லை. அடுத்த அஞ்சு வருஷம் கழிச்சு அவன் கையிலதான் வண்டி இருக்கும், அப்ப என்ன முடிவெடுப்பானோ.

உங்க சொந்த ஊர்லயும் எங்கயாவது ஒரு பழைய பிளசர் தார்ப்பாய் போட்டு நிக்கும். அடுத்த தடவை போனா போட்டோ எடுத்துட்டு வந்துராதீங்க. வீட்டுப் பெரியவங்களை முன் சீட்டுல உட்கார வச்சு, பக்கத்துக் கோயில் வரைக்கும் ஒரு சுத்து போய்ட்டு வாங்க. அந்த வண்டியில யார் யார் எங்க போனாங்கன்னு அவங்க சொல்லுவாங்க. அதெல்லாம் ஆர்சி புக்குல இருக்காதுங்க.