பிரிபடாப் பங்கு: தொண்டை மண்டலத்துக் கரையீடு முதல் அடுக்ககம் வரை

வைகறையில் திருத்தணி நிலையத்திலிருந்து புறப்படும் மின்தொடர் வண்டி, பூவும் காய்கறியும் உழைப்பாளிகளும் மாணாக்கரும் நிறைய, அரக்கோணம், திருவள்ளூர், ஆவடி, அம்பத்தூர் வழியாகச் சென்னையை நோக்கி ஓடுகிறது. கே.ஜி.கண்டிகை, அம்மையார்குப்பம் முதலான சுற்றூர்களிலிருந்து பேருந்தில் வந்து அவ்வண்டியைப் பிடிப்போர் பலர். மாலையில் அவர்களுட் சிலர் திரும்புவதில்லை. மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ தங்கிவிடுகின்றனர். அவ்வீடு பெரும்பாலும் மூன்றாம் மாடியிலோ நான்காம் மாடியிலோ அமைந்த இரண்டு அறைகள். ஊரில் மனைக்கு நான்கெல்லை சொல்லிப் பழகிய முதியவர், மகனுடைய கிரயப் பத்திரத்தை வாங்கிப் படித்தால் திகைத்துப்போவார். அதில் அவன் வாங்கிய மண்ணுக்குத் தனியெல்லை இல்லை. 'மேற்படி மனையில் பிரிபடாத பாகம்' என்று இத்தனை சதுர அடி குறிக்கப்பட்டிருக்கும். அது மனையின் எந்த மூலையில் உள்ளது என்று கேட்டால் விடை கிடையாது. எல்லா மூலையிலும் உள்ளது என்பதே சட்டத்தின் விடை.

இச்சொல்லாட்சி புதிதன்று. தொண்டை மண்டலத்துக்கு இது மிகப் பழையது. பழமையை மறந்ததனாலேதான் அடுக்ககத்தை மேலைநாட்டு இறக்குமதி என்று மட்டும் எண்ணுகிறோம்.

திருத்தணியின் தொன்மைக்கு மலைமேல் உறையும் முருகன் ஒருவனே சான்றல்லன். ஊரிலுள்ள வீரட்டானேசுவரர் கோயில், அபராசித பல்லவன் காலத்தில் நம்பி அப்பி என்பானால் கல்லால் எடுக்கப்பட்டது. தூங்கானை மாட வடிவினது. அம்மன்னனே பாடியதாக ஒரு வெண்பாவும் அங்குப் பொறிக்கப்பட்டுள்ளது. பல்லவ மரபின் இறுதி மன்னனுடைய செய்யுள் ஒன்று வடவெல்லையில் கல்லில் நின்றுவிட்டது. அதே தூங்கானை மாடத்தைப் பாடித் திருவலிதாயத்திலும் திருமுல்லைவாயிலிலும் காணலாம். இன்று அவ்விரு கோயில்களையும் சுற்றி அடுக்ககங்கள் நெருக்கி நிற்கின்றன. மின்தொடர் வண்டியின் தடத்தை ஒட்டிப் பல்லவர் கட்டடக் கலையின் ஒரு தடமும் கிடப்பது நோக்கத்தக்கது. 1977இல் திருத்தணியை அடுத்த வேலஞ்சேரியில் அபராசிதன் செப்பேடும் முதற் பராந்தக சோழன் செப்பேடும் கிடைத்தன. இரா. நாகசாமி அவற்றைப் பதிப்பித்தார். தணிகை முருகனுக்கு நிலம் விடப்பட்ட செய்தியை அபராசிதன் ஏடு தருகிறது. நிலம் கொடுத்ததும் எல்லை சொல்லியதும் செம்பில் எழுதத்தக்க பெருஞ்செயல்களாக இருந்தன.

நிலத்தை எல்லையிட்டு வைத்துக்கொள்வது ஒருமுறை. எல்லையிடாமல் பங்காக வைத்துக்கொள்வது மற்றொரு முறை. தொண்டை மண்டலத்துக் காணியாட்சி ஊர்களில் இவ்விரண்டும் வழங்கின. சென்னை மாவட்ட ஆட்சியராக இருந்த எல்லிசு, மிராசு உரிமை பற்றிய வினாக்களுக்கு எழுதிய விடைகள் 1818இல் அச்சேறின. திருக்குறளுக்கு உரை வகுக்க முயன்ற அதே எல்லிசுதான். ஊர் நிலத்தை இறுதியாகப் பிரித்துக்கொண்டு அவரவர் துண்டை அவரவர் ஆள்வது அருதிக்கரை. நிலம் பொதுவில் நிற்க, பங்காளிகள் குறித்த கால முறையில் உழும் துண்டுகளை மாற்றிக்கொள்வது பசுங்கரை. பசுங்கரை ஊரில் ஒருவனுக்கு உரியது பங்கே ஒழிய வயல் அன்று. பங்கை விற்கலாம், ஒற்றி வைக்கலாம். வயலைச் சுட்டி இது எனதென்று சொல்ல இயலாது. அடுக்ககத்துப் பத்திரத்தை எழுதும் இன்றைய எழுத்தர் அறியாமலே பசுங்கரை எழுதுகிறார் எனலாம்.

இவ்வொப்புமையை மகிழ்ந்து பாராட்டிவிட்டு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. பசுங்கரையில் பங்குடையோர் சிலர்; பங்கின்றி உழுதோர் பலர். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரெமன்கீர் 1891இல் எழுதிய அறிக்கை, ஆதிதிராவிடர்க்குத் தாம் குடியிருக்கும் மனைகூடத் தமதாயிருக்கவில்லை என்பதை அரசின் கண்முன் வைத்தது. பண்ணை வேலையை மறுத்தால் குடிசையையும் இழக்க நேரும். அவ்வறிக்கையின் பின் 1892இல் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலங்களுக்கு வித்து. அந்நிலங்களிற் பெரும்பகுதி பின்னர் எவ்வாறு கைமாறிற்று என்பது நாடறிந்தது. ஆகவே 'பொது' என்னும் சொல் வந்த இடத்திலெல்லாம், யாருக்குப் பொது என்று கேட்டுக்கொள்ள வேண்டியுள்ளது. காரவேட்டிநகர் சமீனின் கீழ் இருந்த திருத்தணிப் பகுதியின் வரலாறு செங்கற்பட்டு மிராசு ஊர்களினின்று வேறுபட்டது. எனினும் 1948ஆம் ஆண்டுச் சமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை, உழுதவர்க்கும் நிலத்துக்கும் இடையே வேறொருவர் நின்ற நிலையில் மாற்றமில்லை.

பங்கீடு வீட்டையும் ஊரையும் கடந்து நாட்டளவில் வந்தபோது திருத்தணி அதன் நடுவில் நின்றது. வடார்க்காட்டில் இருந்த இப்பகுதி 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனோடு சேர்ந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, தமிழர் மிகுந்த தணிகையும் அதனுள் அடங்கிற்று. ஊர் ஊராகச் சென்று தமிழ் கற்பித்த மங்கலங்கிழாரின் தொண்டும், ம.பொ.சிவஞானம், கே.விநாயகம் முதலியோர் நடத்திய வடவெல்லைப் போராட்டமும் இங்கு விரிக்கவேண்டாதவை. படாசுகர் அளித்த தீர்ப்பின்படி 1959இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் இயற்றிற்று. 1960 ஏப்பிரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தை அடைந்தது. பதிலாகப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. கூட்டுக் குடும்பத்தின் நடுவே சுவர் எழுப்பப்படும் 'பாகப்பிரிவினை' என்னும் திரைப்படம் வெளிவந்ததும் அதே 1959இல்தான். எல்லைக்கு இருபுறமும் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த குடும்பங்கள், வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழுமாக இன்றும் இருக்கின்றன. கோடு நிலத்தைப் பிரித்தது. உறவு பிரிபடாத பாகமாகவே நின்றது.

திருத்தணியின் பார்வை இதன்பின் சித்தூரிலிருந்து சென்னைக்குத் திரும்பிற்று. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாசா வரை ஓடிய தென்னகத்தின் முதல் இருப்புப்பாதை முன்பே மேற்குத் திசையைத் திறந்து வைத்திருந்தது. 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடியில் 1965இல் விசயந்தா டாங்கி உருவாயிற்று. தொழிலாளர்க்கு வீடு வேண்டியிருந்தது. 1961இல் அமைந்த தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் மனைப்பிரிவுகளையும் மாடிக் குடியிருப்புகளையும் கட்டிற்று. 1968இல் உலக வணிகப் பொருட்காட்சி நடந்த இடத்தையொட்டி அண்ணாநகர் வளர்ந்தது. அடுத்து முகப்பேர், கொரட்டூர், அம்பத்தூர். இவற்றுள் சில மனைப்பிரிவுகளுக்கு 'ஏரித் திட்டம்' என்றே பெயர். ஏரியை மனையாக்கியவர்கள் பெயரையேனும் விட்டுவைத்தார்களே என்று வியக்கலாம். மாம்பலத்தின் நீண்ட ஏரி 1930 முதற்கொண்டு நிரப்பப்பட்டது இவர்களுக்கு முன்மாதிரி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்த அடுக்ககத்தார் பலர், தம் தெருவின் பழைய பெயரை அப்போதுதான் கேட்டறிந்தனர்.

ஏரிக்குப் பங்காளிகள் இருந்தனர். மதகு திறக்க ஆள் இருந்தது. குடிமராமத்து என்னும் கடமை இருந்தது. பங்காளிகள் நீங்கிய பின்னரே ஏரி மனையாயிற்று. தண்ணீர் குழாயிலும் லாரியிலும் வரத் தொடங்கிய ஊரில், கரையைப் பார்த்துக்கொள்ள யாருக்கும் தேவை இருக்கவில்லை.

தனியார் அடுக்ககங்கள் 1970களிலிருந்து பெருகின. முறை எளிது. ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2400 சதுர அடி. அதில் ஒரு பழைய ஓட்டு வீடு. உடைமையாளர் கட்டுநருடன் கூட்டு ஒப்பந்தம் செய்துகொள்வார்; பவர் எழுதிக் கொடுப்பார்; வீடு இடிபடும். சமஅளவினவாக நான்கு வீடுகள் எழும். இரண்டு அவருக்கு, இரண்டு விற்பனைக்கு. வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் 600 சதுர அடி பிரிபடாத பாகம். கணக்கு இவ்வளவே. ஆனால் மொட்டைமாடி யாருடையது, தரைத்தளத்தில் வண்டி நிறுத்துமிடம் யாருடையது, கிணற்றின் மோட்டாருக்கு மின்கட்டணம் யார் செலுத்துவது என்பனவற்றைப் பத்திரம் சொல்லாமல் விட்டுவிடும். வண்டி நிறுத்துமிடத்தைக் கட்டுநர் தனியே விற்க உரிமையில்லை என்று உச்சநீதிமன்றம் 2010இல் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது.

ஆத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு 1961இலும், சிங்கப்பூர் 1967இலும் அடுக்கு உரிமைக்குச் சட்டம் வகுத்துவிட்டன. மகாராட்டிரம் 1963இலும் 1970இலும் வகுத்தது. தமிழ்நாட்டுச் சட்டம் 1994ஆம் ஆண்டினது. நடைமுறைக்கு வந்தது 1997இல். அதன்கீழ் முறைப்படி பதிந்துகொண்டவை குறைவே; பெரும்பாலான குடியிருப்போர் சங்கங்கள் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் நிழலிலேயே ஒதுங்கின. பதியாமலே இயங்கியவையும் உண்டு.

இங்கே மற்றொரு பிரிபடாச் சொத்தை நினைக்காமல் இருக்க முடியாது. இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பிதிரார்சிதம் பிரிபடாத நிலையில் முன்பு ஆண்மக்களுக்குப் பிறப்பிலேயே உரியதாயிருந்தது, மகளுக்கு அன்று. 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம், அச்சட்டம் வருமுன் மணமாகாத மகளையும் சம பங்காளியாக்கிற்று. 2005இல் நடுவணரசுச் சட்டம் மணமானவளையும் சேர்த்துக்கொண்டது. ஆயினும் ஊர் நிலத்தில் பங்கு கேட்ட மகளை 'பிறந்த வீட்டை உடைத்தவள்' என்றே ஊர் சொல்லிற்று. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுச் சீர்வரிசையோடு நின்றோரே மிகுதி. அடுக்ககத்தில் அவளுக்கு வேறொரு வாயில் திறந்தது. சம்பளமும் வங்கிக் கடனும் கொண்டு, 400 சதுர அடி பிரிபடாத பாகமேயாயினும் தன் பெயரில் ஒன்றை அவள் பதிந்துகொண்டாள். பாட்டன் நிலத்தில் கிடைக்காத பங்கு அயலார் மனையில் கிடைத்தது. தமிழ்ப் புனைவு அடுக்ககத்தைத் தனிமையின் கூடு என்று மட்டும் காட்டும்போது இப்பக்கம் மறைந்துபோகிறது.

பங்கு கிடைத்தபின் ஆட்சி எவ்வாறு? பராந்தக சோழனின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. முப்பது குடும்பு, குடவோலை, ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வர். எல்லாரும் பாராட்டும் இக்கல்வெட்டில் அதிகம் பேசப்படாத விதி ஒன்றுண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் அமரலாகாது. அவருடைய நெருங்கிய உறவினரும் அமரலாகாது. சிற்றன்னை மக்கள், பேரன்னை மக்கள், மாமனார் என்று உறவுமுறைகள் ஒன்றொன்றாக அடுக்கப்பட்டுள்ளன. எழுதியவர்கள் பட்டறிந்தே எழுதியிருத்தல் வேண்டும். மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவருக்கும் இடமில்லை.

இன்றைய அடுக்ககத்தில் பொதுக்குழு கூடும் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தவர்க்கு அவ்விதியின் அருமை விளங்கும். பராமரிப்புக் கட்டணம் செலுத்தாத வீட்டின் பெயர்ப்பட்டியல் மின்தூக்கியருகே ஒட்டப்படும். செயலாளராக யாரும் முன்வரார். முன்வந்தவர் எட்டாண்டு நீடிப்பார். கணக்கு கேட்டால் 'நம்பிக்கை இல்லையா?' என்று சினப்பார். உத்தரமேரூர்ச் சபையோர் நம்பிக்கையைக் கணக்குக்கு ஈடாகக் கொள்ளவில்லை. அச்சபையும் குறையுடையதே. கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும் சொந்த மனையில் வீடும் உடைய, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட ஆடவர்க்கே பெயர் குடத்தில் விழும். பெண்ணுக்கு இல்லை, நிலமற்றோர்க்கு இல்லை. அடுக்ககச் சங்கத்தில் பெண் வாக்களிக்கிறாள், தலைவியுமாகிறாள். வாடகைக்கு இருப்பவர் பத்தாண்டு இருந்தாலும் வாக்கற்றவர். சாதி கேட்டு வீடு மறுக்கும் வழக்கமும் பல இடங்களில் வாயிற்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. 1891இன் அறிக்கையை மறுபடி படிக்க வேண்டியிருப்பது இதனாலேயே.

2022ஆம் ஆண்டின் புதிய சட்டம் பழையதை நீக்கிற்று. 2024இல் நடைமுறைக்கு வந்தது. சங்கம் அமைப்பது கட்டாயமாயிற்று. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட மூன்றில் இரு பங்கினர் இசைந்தால் போதும் என்பது அதன் முதன்மையான மாற்றம். முன்பு ஒருவர் மறுத்தாலும் வேலை நின்றுவிடும். நாற்பதாண்டு கடந்த கட்டடங்களில் கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்கிறது. 2014இல் மௌலிவாக்கத்தில் கட்டி முடியுமுன்னே சரிந்து 61 உயிர்களைக் கொண்ட கட்டடத்தை நினைப்போர், உறுதியற்ற கூரையின்கீழ் யாரும் இருக்கலாகாது என்பர். உண்மைதான். ஆயின் இசையாத மூன்றிலொரு பங்கினருள் ஓய்வூதியத்தில் வாழும் முதியோரும் தனித்த பெண்டிரும் இருப்பர். இடித்துக் கட்டும் இரண்டு மூன்று ஆண்டுகள் எங்குத் தங்குவது, புதிய கட்டடத்தின் உயர்ந்த பராமரிப்புக் கட்டணத்தை எதனால் செலுத்துவது என்பவை அவர்தம் வினாக்கள். பசுங்கரை ஊரில் ஒருவர் மறுத்தால் என்ன நேர்ந்ததோ, கூடிப் பேசும் மரத்தடி ஒன்று இருந்தது. இங்கு இருப்பது வண்டி நிறுத்துமிடம்.

சென்னைப் பெருநகர்ப் பகுதி 1189 சதுர கிலோமீட்டராக நெடுங்காலம் இருந்தது. 2018இல் அதைத் திருவள்ளூர் மாவட்டம் முழுமையும் அடங்க 8878 சதுர கிலோமீட்டராக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டு, பின் 2022இல் 5904 ஆக வரையறுக்கப்பட்டது. திருத்தணிச் சாலையோரங்களில் வயலிடையே வண்ணக் கற்கள் நட்டு மனை விற்கும் பலகைகள் நெடுநாளாகவே நிற்கின்றன. கண்டிகை என முடியும் ஊர்கள் திருவள்ளூரிலும் செங்கற்பட்டிலும் பல. அவற்றுள் வண்டலூரை அடுத்த கண்டிகையில் இப்போது அடுக்ககங்கள் உள்ளன. கே.ஜி.கண்டிகையில் மனைக்கு இன்னும் நான்கெல்லை சொல்லியே எழுதுகிறார்கள்: கிழக்கே இன்னார் நிலம், மேற்கே தெரு, வடக்கே வாய்க்கால், தெற்கே ஏரிக்கரை.