குதிரைகள் போன பின்: டன்லப் தெருப் பள்ளிவாசலும் ஃபேரர் பார்க் திடலும்

ஓர் ஊர் வளரும்போது அதன் மைதானத்திற்குத்தான் முதலில் நெருக்கடி வருகிறது. வீடுகள் நெருங்கி வருகின்றன. சாலைக்கு அகலம் தேவைப்படுகிறது. நிலத்தின் விலை ஏறுகிறது. பிறகு ஒருநாள், மைதானத்தை ஊருக்கு வெளியே மாற்றிவிடலாமா என்ற பேச்சு நகராட்சிக் கூட்டத்தில் எழுகிறது. புதிய இடம் இதைவிடப் பெரியது, வசதியானது என்பார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பழைய மைதானத்தைச் சுற்றி வாழ்ந்தவர்கள் என்ன ஆவார்கள், காலியாகும் நிலம் யார் கைக்குப் போகும் என்ற இரண்டு கேள்விகளை எழுப்புவோர் குறைவு. இவ்விரு கேள்விகளையும் முன்வைத்துப் படிப்பதற்குச் சிங்கப்பூரில் நமக்கு ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. அதில் நம் முன்னோர் கட்டிய ஒரு பள்ளிவாசலும் இருக்கிறது.

சிங்கப்பூரின் குதிரைப் பந்தயக் கழகம் 1842ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. வணிகர் வில்லியம் ஹென்றி மக்லியாட் ரீட் அதனை நிறுவியவர்களுள் ஒருவர். மறு ஆண்டு பிப்ரவரியில், இன்று ஃபேரர் பார்க் என்று அழைக்கப்படும் இடத்தில் முதல் பந்தயம் நடந்தது. அப்போது அது நகரின் ஓரத்தில் கிடந்த தாழ்வான ஈர நிலம். அதன் அருகே போடப்பட்ட சாலைக்கு ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் வந்தது. பந்தயம் மறைந்து பல பத்தாண்டுகள் ஆன பின்னும் அச்சாலை அப்பெயரையே சுமந்து நிற்கிறது.

பந்தயம் சில நாள்களே நடக்கும். குதிரைகளுக்கோ ஆண்டு முழுவதும் தண்ணீரும் புல்லும் வேண்டும். தேய்த்துக் குளிப்பாட்டவும் இரவில் காவல் இருக்கவும் ஆள்கள் வேண்டும். பக்கத்தில் ரோச்சோர் ஆறு ஓடியது, புல்வெளி இருந்தது. அதே வசதியை நம்பி மாட்டு வணிகமும் இங்கு வளர்ந்தது. மலாய் மொழியில் எருமைக் கொட்டில் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற பெயரும் எருமைச் சாலையும் அக்காலத்தின் எச்சங்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இங்கே மாடு வளர்த்தார்கள், பால் கறந்தார்கள், கடை வைத்தார்கள். இன்று லிட்டில் இந்தியா என்று உலகம் அறிந்திருக்கும் இடம், அதாவது நம்மவர்கள் தேக்கா என்று சொல்லும் இடம், இவ்வாறு உருவான ஒன்றே.

குதிரைகளைப் பராமரித்தவர்களுள் பலர் ஜாவாக் கடலில் உள்ள பவியான் என்னும் சிறு தீவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த முஸ்லிம்கள். சிங்கப்பூரில் இவர்களைப் போயானியர் என்றார்கள். குதிரை லாயங்களில் வேலை பார்த்த இவர்களும், தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களும் ஒரே வட்டாரத்தில், கம்போங் கப்போரில் வாழ்ந்தனர். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாது. உடையும் உணவும் வேறு. ஆனால் பாங்கு ஒன்றுதான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கு மரத்தாலான ஒரு பள்ளிவாசல் எழுந்தது. அதன் பெயர் அல்-அப்ரார். தெலுக் ஆயர் தெருவில் இருக்கும் அதே பெயருடைய பள்ளிவாசல் வேறு, இது வேறு. குதிரைக்காரரும் கடைக்காரரும் தோளோடு தோள் நின்று தொழுத இடம் இது.

குதிரை பராமரிப்பவரை அந்நாளில் ‘சைஸ்’ என்றழைத்தனர். அரபு மொழியின் ‘சாஇஸ்’ என்ற சொல்லே இந்துஸ்தானி வழியாகவும் மலாய் வழியாகவும் இவ்வாறு பரவியது. அச்சொல்லின் வேரிலிருந்துதான் ஆட்சி நிர்வாகத்தைக் குறிக்கும் ‘சியாஸத்’ என்ற சொல்லும் பிறந்தது. ஒரு விலங்கை அதன் இயல்பறிந்து பராமரிப்பவரையும், ஒரு மக்களை அவர்கள் நலனறிந்து நிர்வகிப்பவரையும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்களால் அரபு மொழி குறித்திருக்கிறது. மைதானத்தின் இடத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் பெற்றவர்கள் நினைவில் வைக்கத்தக்க உறவு இது.

பந்தயத் திடலின் நிழலில் பள்ளிவாசலா என்று சிலருக்குத் தோன்றலாம். இங்கே இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குதிரை ஓட்டம் நம் மார்க்கம் வெறுத்த ஒன்றன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் போட்டிகள் நடத்தியதைப் புகாரி முதலிய ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாஃ வரை நீண்ட ஓடுதளம். பயிற்சி பெறாதவற்றுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறுகிய ஓடுதளம். இளைஞராக இருந்த இப்னு உமர் (ரலி) அவர்களும் அப்போட்டியில் கலந்துகொண்டார்கள். வலிமையுள்ளவற்றுக்கும் வலிமை குறைந்தவற்றுக்கும் தனித்தனியே தூரம் வகுத்த அந்த ஏற்பாட்டில் விளையாட்டுத் திட்டமிடலுக்கே ஒரு பாடம் உள்ளது. ஆனால் ஓடும் குதிரையின் மீது பணம் கட்டி, ஒருவர் இழப்பதை மற்றொருவர் எடுத்துக்கொள்வது சூதாட்டம்; அது ஹராம். சிங்கப்பூர் பந்தயத்தில் பணப் பந்தயம் இருந்தது. லாயத்தில் புல் போட்டு, குதிரையைத் தேய்த்து, நாள் முழுதும் உழைத்தவரோ தம் கூலியை வாங்கிக்கொண்டு தொழுகைக்குப் போனார்.

இப்பள்ளிவாசலின் அடுத்த கட்டம்தான் நம் கவனத்திற்கு மிகவும் உரியது. 1887இல் பள்ளிவாசல் நிலத்தில் கடைவீடுகளும் கொட்டகைகளும் கட்டப்பட்டன. அப்பணியை முன்னின்று செய்தவர்களுள் ஒருவர் ஷெய்கு அப்துல் கஃபூர் பின் ஷெய்கு ஹைதர். சட்ட நிறுவனம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்தவர், பள்ளிவாசலின் அறங்காவலர். கடைகளின் வாடகை பள்ளிவாசலுக்கு வருவாயானது. அந்த வருவாயைக் கொண்டு 1907இல் புதிய கட்டடப் பணி தொடங்கியது. அப்துல் கஃபூர் 1919இல் காலமானார். பணி தொடர்ந்து நடந்து 1927இல் நிறைவுற்றது. டன்லப் தெருவில் இன்றும் அவர் பெயரால் நிற்கும் அப்பள்ளிவாசலின் வாயிலுக்கு மேலே சூரியக் கதிர் வடிவ அலங்காரம் உள்ளது. அதன் 25 கதிர்களில் 25 நபிமார்களின் பெயர்கள் அரபு எழுத்தணியில் பொறிக்கப்பட்டுள்ளன. 1979இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

பள்ளிவாசல் எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் பந்தயத் திடலின் காலம் முடிந்துகொண்டிருந்தது. நகரம் அதைச் சூழ்ந்துவிட்டது. திடலின் உள்வட்டத்தில் 1891 முதல் கோல்ஃப் விளையாடி வந்த கழகம் 1924இல் புக்கிட் தீமா பக்கம் போய்விட்டது. பந்தயக் கழகமும் புக்கிட் தீமாவில் ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கித் திருத்தியது. 1933ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆளுநர் சர் செசில் கிளமென்டி புதிய திடலைத் திறந்துவைத்தார். ஏறத்தாழ 90 ஆண்டுகள் சிராங்கூன் பகுதியின் அடையாளமாக இருந்த குதிரைகள் அத்துடன் அங்கிருந்து போயின.

கழகத்தினருக்கு அது சரியான முடிவுதான். நிலம் விரிவானது, காற்றோட்டமானது. மோட்டார் வண்டி வைத்திருந்த செல்வந்தருக்குத் தொலைவு ஒரு பொருட்டன்று. லாயத்தில் உழைத்தவருக்கோ வேலை இடம் மாறியது. குடியிருப்பும் பள்ளிவாசலும் மாறவில்லை. ஏற்கனவே தெருக்களில் குதிரை வண்டி குறைந்து மோட்டார் பெருகி வந்தது. போயானியர் பலர் கடிவாளத்தை விட்டுவிட்டு வாகன ஓட்டிகள் ஆயினர். ஒரு தொழில் இடம்பெயரும்போது உழைப்பாளி தானே தனக்கு வழி தேட வேண்டியிருந்தது.

அதே காலத்தில் நகராட்சி எடுத்த ஒரு முடிவையும் இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். பந்தயத் திடலுக்கும் பள்ளிவாசலுக்கும் சற்றுத் தள்ளி, ஜாலான் புசாரில் 1929இல் நகராட்சி ஒரு விளையாட்டரங்கைத் திறந்தது. சதுப்பாக இருந்த நிலம் அதற்காகச் சீராக்கப்பட்டது. கூலித் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளும் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. வேலை முடிந்து, நடந்தே வந்து கால்பந்தாட்டம் பார்க்க முடிந்தது. மலாயாக் கிண்ணப் போட்டிகள் அங்கு நடந்தன. கழகம் தன் உறுப்பினர்களின் வசதியைக் கருதி வெளியே சென்றது. நகராட்சி மக்கள் இருக்கும் இடத்திலேயே அரங்கை வைத்தது.

காலியான பந்தயத் திடலும் பொது விளையாட்டுத் திடலாயிற்று. 1919 முதல் 1931 வரை நகராட்சித் தலைவராக இருந்த ரோலண்ட் ஜான் ஃபேரரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. குதிரைகளுக்கும் அவற்றின் உடைமையாளர்களுக்கும் உரியதாக இருந்த புல்வெளியில் சிராங்கூன் வட்டாரப் பிள்ளைகள் பந்து உதைத்தார்கள். நாம் தொடக்கத்தில் எழுப்பிய இரண்டாவது கேள்விக்கு இங்கே நல்ல விடை கிடைத்தது. அந்நிலம் முழுவதும் அன்றே வீட்டுமனைகளாகக் கூறுபோடப்பட்டிருந்தால் அடுத்து வந்த இரண்டு தலைமுறைகளுக்கு அவ்விடம் இல்லாமல் போயிருக்கும்.

வெட்டவெளி ஒன்று ஊருக்குள் இருப்பதன் பொருள் விளையாட்டோடு முடிவதில்லை. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, சரணடைந்த இந்திய வீரர்கள் ஃபேரர் பார்க்கில் திரட்டப்பட்டனர். அவர்கள் தொகை சுமார் 45,000 என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. பிரிட்டிஷாரிடமிருந்து ஜப்பானியரிடம் அவர்கள் ஒப்படைக்கப்பட்டதும், இந்திய தேசிய ராணுவம் அமைப்பது பற்றிக் கேப்டன் மோகன் சிங் பேசியதும் அத்திடலில்தான். ஜாலான் புசார் அரங்கமோ சீன மக்களை நிறுத்திச் சலித்தெடுத்த சோதனைக் கூடங்களுள் ஒன்றாக்கப்பட்டது. அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட பலர் கொல்லப்பட்டனர். போருக்குப் பின் ஃபேரர் பார்க் மீண்டும் விளையாட்டிற்கும் அரசியல் கூட்டங்களுக்கும் திறந்த இடமாயிற்று.

பந்தயத்தின் கதை புக்கிட் தீமாவோடும் நிற்கவில்லை. அங்கும் நகரம் வந்து சேர்ந்தது. 1999இல் திடல் வடக்கே கிராஞ்சிக்கு மாறியது. 2024 அக்டோபர் 5இல் கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடியது. அந்நிலம் வீடமைப்பு உள்ளிட்ட தேவைகளுக்காக அரசுக்குத் திரும்புகிறது. பெரிய இடம் தேடித் தேடிப் போன அமைப்பு 181 ஆண்டுகளில் ஓட இடமின்றி நின்றது. ஃபேரர் பார்க் திடலுக்கும் இன்று நெருக்கடி வந்திருக்கிறது. அங்கு சுமார் 1,600 வீடுகளையும் அவற்றினூடே புதிய விளையாட்டு வசதிகளையும் அமைக்கும் திட்டம் 2021இல் வெளியிடப்பட்டது. வீடும் மக்களின் தேவையே, அதனை மறுப்பதற்கில்லை. எவ்வளவு திறந்தவெளி எஞ்சும் என்பதே அங்குள்ளோர் கவனிக்க வேண்டியது.

இத்தனை மாற்றங்களுக்கு நடுவே டன்லப் தெருப் பள்ளிவாசல் இடம் மாறவில்லை. அது யாரை நம்பி எழுந்ததோ அந்தக் குதிரைக்காரர்கள் போய்விட்டார்கள், லாயங்களும் போய்விட்டன. ஆயினும் பள்ளிவாசலுக்குச் சொந்த நிலம் இருந்தது. அந்நிலத்திலிருந்து வருவாய் இருந்தது. பொறுப்பேற்று நடத்த ஆள் இருந்தார்கள். வக்ஃபு என்ற ஏற்பாடு செய்யும் பணி இதுவே. பந்தயம் தரும் கூலியை மட்டும் நம்பி அது நின்றிருந்தால் 1933க்குப் பின் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

நம் ஊர்களிலும் திடல்கள் குறைந்துகொண்டே வருகின்றன. பெருநாள் தொழுகைக்கும் பிள்ளைகளின் விளையாட்டிற்கும் ஒரே வெட்டவெளியை நம்பியிருக்கும் ஊர்கள் பல. அத்திடலை மாற்றும் பேச்சு வரும்போது, முடிவு வந்த பின் வருந்துவதில் பயனில்லை. வார்டு உறுப்பினரைச் சந்திப்பதும், நகராட்சிக்கு எழுத்தில் மனுக் கொடுப்பதும், கருத்துக் கேட்புக் கூட்டத்திற்குப் பிற சமூகத்து அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு போவதும் ஜமாஅத்தின் கடமைகளுள் அடங்கும். மைதானம் எல்லோருக்கும் உரியது. அதற்காகப் பேசுவதும் எல்லோரும் சேர்ந்து பேசுவதாகவே இருக்கட்டும். அங்கே கேட்க வேண்டியவை மூன்று. புதிய இடத்திற்கு ஒரு பத்து வயதுப் பிள்ளை தனியே நடந்து போக முடியுமா? பழைய இடத்தை நம்பிப் பிழைத்தவர்களுக்கு என்ன ஏற்பாடு? காலியாகும் நிலம் பொதுவில் இருக்குமா? இவற்றுக்குரிய விடைகளை எழுத்தில் கேட்டு வாங்குவோம். மக்களின் காரியத்தைப் பொறுப்பேற்றவர்களுக்கு அதனை நேர்மையுடன் நடத்தும் தெளிவை அல்லாஹ் தந்தருள்வானாக.