நம்பகமும் ஆவணமும்

ஒருவர் சொல் ஏற்றற்குரியதாந் தகுதியை இக்காலத்தார் 'நம்பகம்' எனவும் 'நம்பகத்தன்மை' எனவும் வழங்குகின்றனர். இவற்றின் அடியாகிய 'நம்பு' என்னுஞ் சொற்குப் பண்டைப் பொருள் வேறு. தொல்காப்பியனார் உரியியலில் அதற்கு நசை, அஃதாவது விருப்பம், என்றே பொருள் வகுத்தார். சிவபெருமானுக்குரிய 'நம்பன்' என்னுந் திருநாமத்திற்கு 'விரும்பப்படுபவன்' என உரைகாரர் கூறுதலும் இதுபற்றியே.

விருப்பத்தைக் குறித்த சொல் பின்னர்த் தெளிவைக் குறிப்பதாயிற்று. ஆயின், விரும்பியதெல்லாம் மெய்யாமோ? ஆகாது. மெய்யென்று துணிதற்கு வேண்டுவது யாது என்பதனைத் தாம்பரத்திற்கு வடக்கே அணித்தாயுள்ள குன்றத்தூரிற் பிறந்தருளிய சேக்கிழார் பெருமான் காட்டியுள்ளார். 12 ஆம் நூற்றாண்டிற் சோழர் அமைச்சராய் அமர்ந்த அவர்க்கு வழக்குமுறை நன்கு தெரியும்.

தடுத்தாட்கொண்ட புராணத்தில், முதுமறையோராய் வந்த இறைவர் நம்பியாரூரரைத் தமக்கு அடிமை என்கின்றார். நம்பிகள் ஓலையைப் பறித்துக் கிழிக்கின்றார். கிழிந்தது படியோலையே, மூலவோலை வெண்ணெய்நல்லூர் அவையில் வெளிப்படுகின்றது. அவையத்தார் வந்தவர்தம் முதுமையையும் வேடத்தையும் கண்டு துணிந்திலர். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்று வேண்டுமென்றனர். சாட்சியிட்டோர் எழுத்தை ஆராய்ந்தனர். பாட்டனார் கையெழுத்தைக் காப்பிலிருந்த வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கினர். அதன் பின்னரே தீர்ப்புரைத்தனர்.

ஏரியும் வயலும் மனைகளாய் மாறிய பல்லாவரம், பம்மல், சேலையூர்ப் பகுதிகளில் இன்று நிலங்கொள்வோரும் இம்முறையே நிற்கின்றனர். 'மூலப்பத்திரம் உண்டா? வில்லங்கம் உண்டா? அநுபவம் யாரிடத்தது?' என்று வினவுகின்றனர். நகலை மட்டும் கண்டு பொருள் கொடார். மனையின்மேல் எத்துணை ஆசையிருப்பினும், பத்திரம் பாராது வாங்கியவன் பின்னர் வருந்துவன்.

காட்சி, கருதல், உரை என்னும் அளவை மூன்றனுள் உரையளவைக்கு ஆப்தவாக்கியம் வேண்டுமென்பது நம்மனோர் அறிந்ததே. ஆயினும், 'பெரியோர் சொன்னார்' என்று எவர் மேலும் ஏற்றிக் கூறப்படுவனவற்றை ஆராயாது ஏற்றலே பக்தியென்பார் சிலர். அவர் இவ்வரலாற்றை நோக்குக. ஆப்தருள் தலைவனாகிய நம்பனே அவைமுன், 'யான் கூறினேன், நம்புக' என்று ஒழிந்தானல்லன், ஓலை காட்டினான். அவன் செய்தது அதுவாயின், பிறர் சொல்லை ஆராய்ந்து தெளிதல் பக்திக்கு இழுக்காதல் யாங்ஙனம்?