ஓடும் கோழியும் ஒரு பாட்டில் கார்க்கும்: பழைய தபால் முத்திரைகளை அடையாளம் காண்பது எப்படி?

இன்னைக்கு ஒரு கோழியைப் பத்திப் பேசப்போறோம். அமெரிக்காவோட கனெக்டிகட் மாநிலத்துல வாட்டர்பரி என்கிற ஊர். 1869. தபால் தலை மேல ஒரு கோழி ஓடுது. அச்சடிச்ச கோழி இல்லை, தபால் நிலையத்தில் குத்தின முத்திரை. இன்னைக்கு அந்த நாட்டு சேகரிப்பாளர்கள் உயிரை விடுற அளவுக்குத் தேடுற முத்திரைகளில் அது ஒன்று.

தபால் நிலையத்தில் கோழிக்கு என்ன வேலை? அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

அமெரிக்க அரசு முதல் தபால் தலைகளை வெளியிட்டது 1847-ல். 5 சென்ட், 10 சென்ட் என்று இரண்டு. கூடவே ஒரு தலைவலியும் வந்தது: ஒட்டின தலையை உரிச்சு, மையைக் கழுவி, மறுபடியும் ஒட்டினா? அதனால தலையை "கொல்லணும்". ஆங்கிலத்தில் இந்த முத்திரைக்கு 'கில்லர்' என்றே பேர். ஊர்ப் பெயரும் தேதியும் உள்ள முத்திரையையே தலை மேலயும் குத்தினால் தேதியைப் படிக்க முடியலை. அதனால தலையை ரத்து செய்ய தனிக் கருவி வேணும்னு 1860-ல் தபால் துறை உத்தரவு போட்டது. பெரிய அலுவலகங்களுக்குக் கருவி வந்துடும். சின்ன ஊர் போஸ்ட் மாஸ்டர்? அவரே ஏற்பாடு பண்ணிக்கணும்.

கையில இருந்தது பாட்டில் கார்க்கும் பேனாக் கத்தியும்தான். குறுக்கே நாலு கீறல் போட்டா, வெட்டின கேக் மாதிரி ஒரு வட்டம் கிடைக்கும். பெரும்பாலான முத்திரைகள் அவ்வளவுதான், அழகெல்லாம் ஒண்ணும் இருக்காது. ஆனா சில பேருக்குக் கை சும்மா இருக்காதே! நட்சத்திரம், கேடயம், மண்டை ஓடுன்னு செதுக்க ஆரம்பிச்சாங்க. அந்த வரிசையில ராஜா, வாட்டர்பரியில் வேலை பார்த்த ஜான் ஹில். யானை, தேனீ, பூட்டு, காலணி என்று அவர் செதுக்கினது ஏராளம். அந்தக் கோழியும் அவருடையதுதான். நன்றி நவிலல் திருநாளுக்காகச் செதுக்கியதுன்னு சொல்றாங்க. அது வான்கோழிதானேன்னு ஒரு வாதமும் உண்டு. எனக்கு என்னவோ கோழியாத்தான் தெரியுது.

சரி, இது 1869-ன்னு எப்படித் தெரியும்? இங்கதான் எனக்குப் பிடிச்ச விஷயம் வருது. அந்தக் கால ஊர் முத்திரைகள் பலவற்றில் மாதமும் தேதியும் இருக்கும், ஆண்டு இருக்காது. ஆனா கோழி உட்கார்ந்திருப்பது ரயில் எஞ்சின் படம் போட்ட 3 சென்ட் தலை மேல. அந்த வரிசை 1869-ல் வந்தது. மக்களுக்குப் பிடிக்கலை, 1870-லயே வேற வரிசை வந்துடுச்சு. அந்த வருஷம் ஜனாதிபதி கிராண்ட் நன்றித் திருநாளை அறிவிச்சது நவம்பர் 18-க்கு. ஆக, நவம்பர் முத்திரையும் எஞ்சின் தலையும் ஒண்ணா இருந்தா, ஆண்டு கிட்டத்தட்டத் தானா விழுந்துடும். லாக் ஃபைல்ல டைம்ஸ்டாம்ப் இல்லாதப்போ, எந்த வெர்ஷன் ஓடிட்டிருந்ததுன்னு பார்த்துக் காலத்தைப் பிடிப்போமே, அதே வேலைதான்.

கார்க்கே இன்னொரு கடிகாரம். மென்மையான பொருள், தினமும் குத்தக் குத்தத் தேயும், ஓரம் உடையும், மை அடைக்கும். ஒரே முத்திரையின் இரண்டு பதிவுகளைப் பக்கத்துல வச்சா, எது முதல்ல குத்தினது, எது அப்புறம் குத்தினதுன்னு சொல்லலாம். முந்தின தேதியில தேய்ஞ்ச முத்திரையும் பிந்தின தேதியில கூர்மையான முத்திரையும் இருந்தா, சந்தேகப்படணும். ஒண்ணு வேற கார்க், இல்லை யாரோ கைவரிசை காட்டியிருக்காங்க.

உருவத்தை மட்டும் வச்சு ஊரைச் சொல்றதும் ஆபத்து. உதைக்கும் கோவேறு கழுதை முத்திரை ஒன்று உண்டு. வாஷிங்டன் பிரதேசத்து போர்ட் டவுன்சென்டிலும் வந்திருக்கு, கலிஃபோர்னியாவின் கோலீட்டாவிலும் வந்திருக்கு. அதே மாதிரி, 1870-களில் நியூயார்க்கிலிருந்து வெளிநாடு போன கடிதங்களில் சக்கரம், பூ போன்ற வடிவங்கள் வரும். அழகா இருக்குன்னு ஏதோ கிராமத்து போஸ்ட் மாஸ்டர் தலையில அதைக் கட்டிடாதீங்க.

போலிகள் விஷயத்துக்கு வருவோம், ஏன்னா பணம் போறது இங்கதான். பேனாக் கோடு போட்டு ரத்து செய்த தலைக்கு மதிப்பு குறைவு. அந்தக் கோட்டை ரசாயனத்தால் அழிச்சுட்டு மேலே மண்டை ஓடு குத்தினா, விலை எங்கேயோ போயிடும். புற ஊதா விளக்கில் பிடிச்சா, அழிச்ச கோட்டின் நிழல் பல நேரம் தெரிஞ்சுடும். கவர் முழுசா இருந்தா இன்னும் நல்லது. முத்திரையின் மை தலையைத் தாண்டிக் காகிதத்திலும் படிஞ்சிருக்கா? ஊர் முத்திரையின் மை நிறத்தோட ஒத்துப்போகுதா? விலை பெரிசுன்னா, நியூயார்க்கில் உள்ள ஃபிலாட்டலிக் ஃபவுண்டேஷன் மாதிரி இடத்துச் சான்றிதழ் இல்லாமல் வாங்காதீங்க.

ஒரு காலத்தில் சேகரிப்பாளர்கள் ஆல்பத்தில் ஒட்டுறதுக்காகத் தலையைத் தண்ணியில ஊற வச்சு உரிச்சு எடுத்துட்டு, கவரைத் தூக்கிப் போட்டாங்க. ஊர், தேதி, யாருக்குப் போனது எல்லாம் அந்தக் கவரோட போச்சு. இன்னைக்கு ஊர் தெரியாத நட்சத்திரங்கள் இத்தனை அனாதையாக் கிடக்குறதுக்கு அதுதான் பெரிய காரணம். உங்க வீட்டுப் பெட்டியில பழைய கடிதம் ஏதாவது இருந்தா, தயவுசெய்து கத்தரியையும் தண்ணியையும் கிட்டக் கொண்டு போகாதீங்க. கவரோடவே இருக்கட்டும்.